ஸ்போகேன் ஷாக்: அரங்கம் நிரம்பிய ஊரில் அணி ஏன் இல்லாமல் போனது?

வடமேற்கன்

மூடப்பட்ட விளையாட்டு அணிகள் பற்றிய பழைய இழையில் ஒருவர் போகிற போக்கில், "ஸ்போகேன் மாதிரி சின்ன ஊர்களால் அரீனா ஃபுட்பாலைத் தாங்க முடியவில்லை" என்று எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் இழை திசை மாறும் என்பதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். 2007லிருந்து கிழக்கு வாஷிங்டன் பக்கம்தான் இருக்கிறேன். தலைநகர் வாஷிங்டன் இல்லை, சியாட்டில் இருக்கிற மாநிலம். அந்த அணியின் நல்ல காலம், கெட்ட காலம் இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்தவன். ஊர் கைவிட்டது என்ற பேச்சை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஸ்போகேன் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. சியாட்டிலிலிருந்து காரில் நாலு மணி நேரத்துக்கு மேல். அணி வந்த சமயத்தில் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். பழைய கொலிசியத்துக்குப் பதிலாக 1995இல் புது அரங்கம் வந்தது. ஸ்போகேன் சீஃப்ஸ் ஐஸ் ஹாக்கி அணிக்கு அதுதான் வீடு. குளிர்காலம் முழுக்க அங்கே கூட்டம் இருக்கும், கோடையில் தேதிகள் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி இடத்தில்தான் 2006இல் ஸ்போகேன் ஷாக் வந்து உட்கார்ந்தது. பெரிய லீக்கான அரீனா ஃபுட்பால் லீக்குக்கு (ஏ.எஃப்.எல்.) கீழே இருந்த ஏ.எஃப்.2 என்ற இரண்டாம் நிலை லீக்கில் அது ஒரு புது அணி.

வந்த வருடமே கோப்பை. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் நடந்த இறுதி ஆட்டத்தில் கிரீன் பே பிளிஸார்டை 57க்கு 34 என்று அடித்தார்கள். 2008இல் மறுபடி இறுதிக்குப் போய், கூடுதல் நேரத்தில் டென்னசி வேலி வைப்பர்ஸிடம் 56க்கு 55 என்று தோற்றார்கள். ஒரே ஒரு புள்ளி! அடுத்த வருடம் லாஸ் வேகாஸில் வில்க்ஸ்-பாரி ஸ்க்ராண்டன் பயோனியர்ஸை 74க்கு 27 என்று நொறுக்கி மறுபடி கோப்பை. நான்கு பருவம், மூன்று இறுதி, இரண்டு கோப்பை. பத்தாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அரங்கில் பெரும்பாலான ஆட்டங்களுக்கு டிக்கெட் விற்றுத் தீர்ந்துவிடும். இந்த ஊரா தாங்கவில்லை?

கேள்விக்குறி

நல்ல இழை. ஆனால் அடிப்படையே தெரியாமல் படித்துக்கொண்டிருக்கிறேன். அரீனா ஃபுட்பால் என்றால் அமெரிக்கன் ஃபுட்பாலைக் கூரைக்குக் கீழே ஆடுவது, அவ்வளவுதானா? 74க்கு 27 என்கிறீர்கள். டி.வி.யில் பார்க்கிற பெரிய அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல். ஆட்டங்களில் இவ்வளவு புள்ளி வருவதில்லையே?

புள்ளிக்கணக்கு

அவ்வளவுதான் இல்லை. இது தனி ஆட்டம். 1981 பிப்ரவரியில் ஜிம் ஃபாஸ்டர் என்பவர் நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டனில் உள்ளரங்கு சாக்கர் (நம் ஊர்க் கால்பந்து) ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனார். சாக்கரை உள்ளே கொண்டுவர முடியும் என்றால் ஃபுட்பாலை ஏன் கொண்டுவர முடியாது என்று தோன்றியிருக்கிறது. கையிலிருந்த பழுப்பு உறை மேலேயே மைதானத்தை வரைந்துவிட்டார். 1987இல் நாலு அணிகளோடு லீக் தொடங்கியது: சிகாகோ, டென்வர், பிட்ஸ்பர்க், வாஷிங்டன்.

அளவைப் பாருங்கள், அதில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது. அமெரிக்காவில் முழு அளவு ஐஸ் ஹாக்கி தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். அரீனா ஃபுட்பால் மைதானம் 50 கஜம். இரண்டு முனையிலும் எண்ட் ஸோன் எட்டெட்டு கஜம், பந்தோடு அதற்குள் போனால் டச்டவுன். மொத்தம் 66 கஜம், அதாவது 198 அடி. அகலம் 85 அடி. ஹாக்கி அரங்கம் இருக்கிற எந்த ஊரிலும் பனிக்கு மேலே செயற்கைப் புல்லை விரித்தால் மைதானம் தயார். புதிதாக ஒரு செங்கல் கூட வைக்க வேண்டாம். ஸ்போகேன் மாதிரி ஊர்களுக்கு இந்த ஆட்டம் வந்து சேர்ந்த வழி இதுதான்.

ஒரு பக்கத்துக்கு 11 பேருக்குப் பதில் 8 பேர். பந்தைக் காலால் உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்கிற பண்ட் கிடையாது. நாலாவது முயற்சியிலும் முன்னேறியாக வேண்டும், அல்லது பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஃபீல்டு கோல் அடித்துப் பார்க்க வேண்டும். எறியும் பந்தைப் பிடிக்க ஓடுகிற ரிசீவர் ஒருவர், பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே முன்னோக்கி ஓடத் தொடங்கலாம், என்.எஃப்.எல்.லில் அது தவறு. முழு வேகத்தில் வருகிறவனை நின்ற இடத்திலிருந்து எப்படித் தடுப்பது? அதனால்தான் புள்ளிகள் கொட்டுகின்றன.

அப்புறம் வலை. கோல் கம்பங்களின் இடைவெளி 9 அடிதான், என்.எஃப்.எல்.லில் பதினெட்டரை. குறுக்குக் கம்பி 15 அடி உயரத்தில். அதன் இரண்டு பக்கமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்துக்கு வலையை இழுத்துக் கட்டியிருப்பார்கள். குறி தப்பிய கிக் வலையில் பட்டுத் திரும்பினால் ஆட்டம் நிற்காது, யார் வேண்டுமானாலும் பிடித்துக்கொண்டு ஓடலாம். பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது உதைக்கும் டிராப் கிக்கில் ஃபீல்டு கோல் போட்டால் மூன்றுக்குப் பதில் 4 புள்ளி.

நாலாம்_வரிசை

புள்ளிக்கணக்கு சொன்னதோடு சுவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டச்லைனுக்கு வெளியே ஓடி நிற்க இடமே கிடையாது. கோடு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்புயரச் சுவர், அதன் மேல் தடியான மெத்தை. நான் சியாட்டிலிலிருந்து சொந்தக்காரர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நண்பர்களோடு ஷாக் ஆட்டத்துக்குப் போவேன். ஒரு தடவை முன்வரிசைக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. ரிசீவர் ஒருவன் மூலையில் பந்துக்காகத் தாவினான். தடுப்பவன் இடித்த இடியில் அவன் மெத்தைச் சுவருக்கு மேலே பாதி உடம்பு தொங்க, தலை எங்கள் வரிசைப் பக்கம், கால் மைதானப் பக்கம். ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் மூச்சு வாங்குவது கேட்டது. கையில் பந்து இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் அவன் தோளைப் பிடித்துத் தூக்கி உள்ளே தள்ளிவிட்டார். நடுவர் இரண்டு கையையும் தூக்கினார், டச்டவுன்!

கூட்டத்துக்குள் விழுந்த பந்து பிடித்தவருக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் மைதானத்திலேயே நிற்பார்கள், குழந்தைகள் இறங்கிப் போய்க் கையெழுத்து வாங்கலாம். என்.எஃப்.எல். டிக்கெட் விலையை நினைத்தே பார்க்க முடியாத குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஆட்டம் இது. அந்த வீரர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். பிள்ளைகளுக்கு அதெல்லாம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

டெக்சாஸ்_தமிழன்

வடமேற்கனின் பாசம் புரிகிறது. ஆனால் மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன்.

ஏ.எஃப்.2 என்பதே அணிகள் வந்து போகிற வாசல். 2000இல் 15 அணிகளோடு தொடங்கி, 2002இல் முப்பதைத் தாண்டினார்கள். அதில் எத்தனை அணிகள் ஐந்து வருடம் நின்றன? எங்கள் பக்கம் லப்பக்கில் 2007, 2008 என்று இரண்டு பருவம், அதோடு சரி. உங்களுக்குப் பக்கத்திலேயே எவரெட் ஹாக்ஸ் ஏ.எஃப்.2வில் ஆடியது இரண்டு பருவம். பாய்சி பர்ன் மூன்று. முதல் இரண்டு வருடம் புதுமைக்காகக் கூட்டம் வரும், மூன்றாவது வருடம் காற்றாடும். ஸ்போகேனில் கூட்டம் நீடித்தது அணி ஜெயித்துக்கொண்டே இருந்ததால். தோற்கத் தொடங்கிய பிறகு என்ன ஆனது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வடமேற்கன்

டெக்சாஸ்_தமிழன், நியாயமான கேள்வி. ஆனால் 2009இல் நடந்ததைப் பாருங்கள். ஸ்போகேனின் முதல் அடி அப்போதுதான் விழுந்தது. அதற்கும் கூட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மேலே இருந்த ஏ.எஃப்.எல். பெரிய இடத்து லீக். என்.பி.சி.யில் ஒளிபரப்பு, பிறகு ஈ.எஸ்.பி.என். பங்குதாரரானது. டல்லாஸ் கௌபாய்ஸ் முதலாளி ஜெர்ரி ஜோன்ஸுக்கு அதில் அணி இருந்தது, பாடகர் ஜான் பான் ஜோவி ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளர்களில் ஒருவர். 2008 ஜூலையில் அந்த ஃபிலடெல்ஃபியா சோல்தான் சாம்பியன். அந்த டிசம்பரிலேயே அடுத்த பருவம் ரத்து என்று அறிவித்தார்கள். 2009இல் லீக் திவாலானது.

ஏ.எஃப்.2வில் பாதிக்கு மேல் பங்கு இந்த ஏ.எஃப்.எல்.லிடம் இருந்தது. தாய் லீக் ஆடாத 2009இல் குட்டி லீக் முழுப் பருவமும் ஆடி முடித்தது. ஸ்போகேன் கோப்பையைத் தூக்கியது அந்தப் பருவத்தில்தான். தூக்கிய கை இறங்குவதற்குள், செப்டம்பரில் ஏ.எஃப்.2 கலைந்துவிட்டது. மேலே இருந்தவர்களின் கடனுக்குக் கீழே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லீக்கும் போனது. சாம்பியன் அணி, நிறைந்த அரங்கம், ஆடுவதற்கு லீக் இல்லை. இதில் ஊரின் தப்பு எங்கே இருக்கிறது?

கேள்விக்குறி

ஐயோ. அப்புறம் அணி என்ன செய்தது?

புள்ளிக்கணக்கு

ஏ.எஃப்.2விலிருந்து சில அணிகளும் பழைய ஏ.எஃப்.எல்.லிலிருந்து சில அணிகளும் சேர்ந்து "அரீனா ஃபுட்பால் 1" என்று புது லீக் தொடங்கின. 2009 டிசம்பரில் திவால் ஏலத்தில் பழைய ஏ.எஃப்.எல்.லின் பெயர், சின்னம், சொத்துகளை 61 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 2010 தொடக்கத்தில் தாங்களே ஏ.எஃப்.எல். என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். ஸ்போகேன், டல்சா, அயோவா, ஓக்லஹோமா சிட்டி, மில்வாக்கி, போசியர்-ஷ்ரீவ்போர்ட், அலபாமா எல்லாம் அப்படி மேலே ஏறியவை.

பண விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஏ.எஃப்.2வில் ஒரு வீரருக்கு ஆட்டத்துக்கு 200 டாலர், ஜெயித்தால் கொஞ்சம் கூடுதல். 2010இன் புது ஏ.எஃப்.எல்.லில் 400 டாலர். சம்பளம் இப்படி ஏறினாலும் சமாளித்துவிடலாம், முதலாளிகளை உண்மையில் திணறடித்தவை வேறு இரண்டு செலவுகள். ஒன்று, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு. எட்டுப் பேர் மெத்தைச் சுவரில் மோதிக்கொண்டே இருக்கிற ஆட்டத்துக்குக் காப்பீட்டு நிறுவனம் என்ன பிரீமியம் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்று பயணம். ஏ.எஃப்.2வில் ஸ்போகேனுக்குப் பக்கத்து எதிரி ட்ரை-சிட்டீஸ் ஃபீவர், பஸ்ஸில் இரண்டே கால் மணி நேரம். பாய்சியும் பஸ் தூரம்தான். புது லீக்கில் ஆர்லாண்டோ, டாம்பா, ஜாக்சன்வில் என்று ஃப்ளோரிடாவில் மட்டும் மூன்று அணிகள். நாட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு விமானம், ஹோட்டல், சாப்பாடு, ஒரு அணி முழுக்க.

வடமேற்கன்

ஏறிய முதல் வருடம் நடந்ததைச் சொல்லாமல் போகக்கூடாது. இரண்டாம் நிலையிலிருந்து வந்த அணி, பெரிய லீக்கின் முதல் பருவத்திலேயே இறுதிக்குப் போனது. 2010 ஆகஸ்ட் 20, லீக்கின் இறுதி ஆட்டமான அரீனா பௌல் 23, அதுவும் ஸ்போகேன் அரங்கிலேயே. எதிரே டாம்பா பே ஸ்டார்ம். அதற்கு முன்பே ஐந்து தடவை சாம்பியன், 1987இல் பிட்ஸ்பர்க் கிளாடியேட்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கிய நாலு முதல் அணிகளில் ஒன்று. ராப் கீஃப் பயிற்சியாளர், பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கைல் ரோலி. 69க்கு 57 என்று ஷாக் ஜெயித்தது.

அன்றைக்கு அரங்கத்துக்குள் இருந்தேன். டாம்பா ஒவ்வொரு தடவை நெருங்கி வரும்போதும் ரோலி அடுத்துப் பந்து கைக்கு வந்ததும் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசி நிமிடங்களில் யாருமே உட்காரவில்லை. வெளியே வந்தால் தெருவெல்லாம் ஆரஞ்சு, நீலச் சட்டைகள். கார்களில் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார்கள். அந்த ஊர் அப்படிச் சத்தம் போட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அதற்குப் பிறகும் கதை சப்பென்று முடிந்துவிடவில்லை. அடுத்து வந்த குவார்ட்டர்பேக் எரிக் மேயர். அவர் கல்லூரியில் ஆடியது பக்கத்திலேயே சீனி என்ற ஊரில் இருக்கும் ஈஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு, அதனால் ஊர்ப் பிள்ளை மாதிரி. 2013இல் லீக்கின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். ஆனால் அந்த வருடங்களில் கோப்பைக்கு முன்னால் அரிசோனா ராட்லர்ஸ் குறுக்கே நின்றது. 2012, 2013, 2014 மூன்றையும் அவர்களே அள்ளிக்கொண்டு போனார்கள்.

டெக்சாஸ்_தமிழன்

அந்த 2010 இரவுக்கு நானும் தலைவணங்குகிறேன். ஆனால் என் வாதமே அங்கேதான் இருக்கிறது. மேலே ஏறியதுதான் தப்பு.

புள்ளிக்கணக்கு கொடுத்த பட்டியலையே எடுங்கள். ஓக்லஹோமா சிட்டி 2010 ஆடியதோடு மூடியது. போசியர்-ஷ்ரீவ்போர்ட் அடுத்த வருடமே நியூ ஆர்லியன்ஸுக்குப் போய்விட்டது. அலபாமா ஜார்ஜியாவுக்குப் போனது. டல்சா 2012இல் எங்கள் சான் அன்டோனியோவுக்கு வந்து 2014ஓடு நின்றது. மில்வாக்கி 2012ஓடு சரி. ஏறியவர்களில் அதே ஊரில், அதே பெயரில் இன்று வரை ஆடுவது அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் மட்டும்தான். அவர்களும் 2015இல் ஏ.எஃப்.எல்.லை விட்டு ஐ.எஃப்.எல். என்ற வேறொரு உள்ளரங்கு லீக்குக்கு இறங்கி வந்ததால்தான் பிழைத்தார்கள். 2018இல் அங்கே சாம்பியனும் ஆனார்கள்.

இப்போது 2006இல் நீங்கள் தோற்கடித்த கிரீன் பே பிளிஸார்டைப் பாருங்கள். 2010இல் அவர்கள் பெரிய லீக் பக்கம் போகவில்லை, நேரே அந்த ஐ.எஃப்.எல்.லுக்குப் போனார்கள். இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த இறுதியில் ஜெயித்த அணி இல்லை, தோற்ற அணி இருக்கிறது. ஸ்போகேனும் அன்றைக்கு அதே முடிவை எடுத்திருந்தால்?

நாலாம்_வரிசை

அப்படி எடுத்திருந்தால் 2010 ஆகஸ்ட் 20 நடந்திருக்காது. அந்த ஒரு இரவுக்காக நான் பத்து வருடம் விட்டுக்கொடுப்பேன்.

டெக்சாஸ்_தமிழன்

நீங்கள் விட்டுக்கொடுக்கலாம். 2010இல் ஐந்து வயதாக இருந்து, பதினைந்து வயதில் போவதற்கு அணி இல்லாத பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.

வடமேற்கன்

அது கனமான பதில், மறுக்கவில்லை. ஆனால் கிரீன் பேயை மட்டும் எடுத்தால் படம் முழுமையாகாது. எங்கள் பக்கத்து ட்ரை-சிட்டீஸ் ஃபீவரும் 2010இல் ஐ.எஃப்.எல்.லுக்குத்தான் போனது. 2011, 2012 இரண்டிலும் இறுதி வரை வந்து சூ ஃபால்ஸ் ஸ்டார்மிடம் தோற்றது. 2016ஓடு நின்றுவிட்டது. கீழே இருந்தாலும் சாகலாம்.

என் பார்வையில் ஸ்போகேனைக் கொன்றது மேலே ஏறியது இல்லை. மேலே போனதும் பெயரும் சின்னமும் யார் கையில் இருந்தன என்பதுதான். 2015இல் அது தெரிந்தது.

அந்த வருடம் ஏ.எஃப்.எல். சரிந்துகொண்டிருந்தது. நியூ ஆர்லியன்ஸும் லாஸ் வேகாஸும் மூடின. ஒரே ஒரு ஆட்டம் மட்டும் தோற்று சாம்பியனான சான் ஹோசே சேபர்கேட்ஸ் கோப்பையோடேயே கடையைக் கட்டியது. ஷாக்கின் அப்போதைய உரிமையாளர் நாதர் நைனி இதையெல்லாம் பார்த்து அணியை ஐ.எஃப்.எல்.லுக்கு மாற்றினார். டெக்சாஸ்_தமிழன் சொல்லும் அதே முடிவுதான், ஐந்து வருடம் தாமதம், அவ்வளவே. ஆனால் ஷாக் என்ற பெயரும் சின்னமும் லீக் வசம் இருந்தன. அணி போகலாம், பெயர் போகக்கூடாது. வேறு வழியில்லாமல் "ஸ்போகேன் எம்பயர்" என்று ஆனது.

நாலாம்_வரிசை

அதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அரங்கம் அதே, நாற்காலி அதே, பாப்கார்ன் வாசனை அதே. சட்டையில் வேறு பெயர். பத்து வருடமாக ஊரே ஷாக் சட்டை வாங்கி வைத்திருந்தது. பிள்ளைகளுக்கு ஷாக் தொப்பி, கார் பின்கண்ணாடியில் ஷாக் ஸ்டிக்கர். ஒரே நாளில் அதெல்லாம் இன்னொருவருடைய சொத்து ஆனது. முதல் எம்பயர் பருவத்தில் ஷாக் சட்டையோடே நிறையப் பேர் வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, ஆனால் கடையில் அதை விற்க முடியாது.

புள்ளிக்கணக்கு

பெயரோடு ஆட்டமும் மாறியது, இதை யாரும் சொல்லவில்லை. வலை இல்லை!

பின்னணி இதுதான். ஃபாஸ்டர் 1990இல் தன் ஆட்டத்துக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், திரும்பி வரும் வலை அதன் முக்கிய அங்கம். அதனால் போட்டி லீக்குகள் எல்லாம் வலை இல்லாத உள்ளரங்கு ஃபுட்பாலைத்தான் வளர்த்தன. 2007இல் காப்புரிமை காலாவதி ஆனது. அதற்குள் அந்த லீக்குகள் தங்களுக்கென்று தனி விதிகளை உருவாக்கிக்கொண்டன, வலைக்குத் திரும்பவில்லை. ஐ.எஃப்.எல்.லும் அப்படித்தான். அங்கே தொடக்க கிக் நேராகக் கம்பங்களுக்கு இடையே போனால் 2 புள்ளி என்று வேறு ஒரு ருசி. நல்ல ஆட்டம்தான். ஆனால் வலையில் பட்டு எந்தப் பக்கம் வரும் என்று தெரியாத பந்துக்காக எட்டுப் பேர் பாய்வதைப் பத்துப் பருவம் பார்த்த கூட்டத்துக்கு அது வேறு விளையாட்டு. பெயர், லீக், எதிரிகள், வலை நாலையும் ஒரே கோடையில் மாற்றிவிட்டு, பழைய கூட்டம் எங்கே என்று ஊரைக் கேட்பதில் நியாயம் இல்லை.

வடமேற்கன்

அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இழை தொடங்கியதில் திருப்தி.

மீதிக் கதையை முடித்துவிடுகிறேன். எம்பயர் மோசமான அணி இல்லை. முதல் வருடமே, 2016இல், ஐ.எஃப்.எல். இறுதி வரை போய் சூ ஃபால்ஸிடம் தோற்றது. ஏ.எஃப்.2 காலத்தில் ஷாக்கை நடத்திய ஆடம் ஷாக்கில்ஃபோர்டுதான் பயிற்சியாளர். 2017 பருவம் முடிந்ததும் அதுவும் மூடியது.

பிறகு ஒரு சின்ன விடியல். என்.எஃப்.எல்.லில் சியாட்டில் சீஹாக்ஸிலும், 2001இல் அந்த லீக்கின் இறுதியான சூப்பர் பௌலை ஜெயித்த பால்டிமோர் ரேவன்ஸிலும் ஆடிய சாம் ஆடம்ஸ் 2019இல் ஐ.எஃப்.எல். அணியைத் திரும்பக் கொண்டுவந்தார். அதே சமயத்தில் ஏ.எஃப்.எல். இரண்டாவது முறை திவாலானது. ஷாக் பெயரும் ஊருக்குத் திரும்பியது. எல்லாரும் பெட்டியிலிருந்து பழைய சட்டையை எடுத்தோம். 2020 பருவம் தொடங்க இருந்த நேரத்தில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021இல் ஆடினார்கள். 2022 பருவத்துக்கு முன் அரங்க நிர்வாகம் கேட்ட பிணைத்தொகை விஷயம் தீராமல் அரங்க ஒப்பந்தம் முறிந்தது, லீக்கும் அணியை நீக்கியது. அதோடு முடிந்தது.

டெக்சாஸ்_தமிழன்

பெயர் விஷயத்தில் உங்கள் பக்கம் பலம் இருக்கிறது. நான் சொன்ன அயோவாவையே எடுத்தால், அவர்கள் ஐ.எஃப்.எல்.லுக்கு வந்தபோதும் பார்ன்ஸ்டார்மர்ஸ் என்ற பெயர் கூடவே வந்தது. என்.எஃப்.எல். நட்சத்திரம் கர்ட் வார்னர் சூப்பர் பௌல் ஜெயிப்பதற்கு முன் ஆடிய அணி என்கிற பெருமை, பழைய சட்டை, எல்லாம் அப்படியே. அரிசோனா ராட்லர்ஸும் 2017இல் ஐ.எஃப்.எல்.லுக்கு வந்தபோது பெயரோடு வந்தது. வந்த வருடமே சாம்பியன். பெயரோடு வந்த இரண்டும் நிற்கின்றன, பெயரை விட்டுவிட்டு வந்தது நிற்கவில்லை. மூன்று அணிகளை வைத்துச் சட்டம் எழுத முடியாது, ஆனாலும் கவனிக்க வேண்டிய விஷயம்.

இருந்தாலும் 2021இல் பெயர் திரும்பி வந்தும் பிழைக்கவில்லையே? அங்கே முதலாளியின் கையிருப்புதான் தீர்மானித்தது. இந்த மட்டத்து விளையாட்டில் உரிமையாளர் ஒரு பருவ நட்டத்தைத் தாங்கக்கூடியவரா என்பதுதான் முதல் கேள்வி என்பதில் நான் இன்னும் மாறவில்லை.

வடமேற்கன்

அதில் எனக்கும் சண்டை இல்லை. முதலாளி, லீக், பெயர், இந்த மூன்றில் எதை வேண்டுமானாலும் முன்னால் வையுங்கள். ஊரைப் பின்னால் வையுங்கள். அதே அரங்கத்தில் சீஃப்ஸ் ஹாக்கி இன்றும் ஆடுகிறது. கோடையில் ஸ்போகேன் இண்டியன்ஸ் பேஸ்பால் பார்க்க ஜனங்கள் இன்றும் போகிறார்கள். விளையாட்டுக்குக் காசு கொடுக்காத ஊர் இல்லை இது.

கேள்விக்குறி

எல்லாருக்கும் நன்றி. காலையில் ஒன்றுமே தெரியாமல் வந்தேன், இப்போது இல்லாத ஒரு அணிக்கு ரசிகன் ஆகிவிட்டேன். கடைசியாக ஒன்று. இந்த ஆட்டத்தை இப்போது எங்கே பார்ப்பது?

புள்ளிக்கணக்கு

ஐ.எஃப்.எல். பாருங்கள், வசந்தத்தில் தொடங்கிக் கோடை முழுக்க ஓடும். கிரீன் பே, அயோவா, அரிசோனா எல்லாம் அங்கேதான். 2000இல் ஏ.எஃப்.2வின் முதல் கோப்பையை ஜெயித்த குவாட் சிட்டி ஸ்டீம்வீலர்ஸும் 2018லிருந்து மறுபடி ஆடுகிறது, அதுவும் பழைய பெயரிலேயே. முதலில் தொடக்க கிக்குகளைக் கவனியுங்கள், அப்புறம் மெத்தைச் சுவர் ஓரத்தில் ரிசீவர்கள் எப்படிக் காலை ஊன்றுகிறார்கள் என்று பாருங்கள். வலையோடு பார்க்க வேண்டும் என்றால் பழைய ஏ.எஃப்.எல். ஆட்டங்களின் வீடியோவைத் தேடுங்கள். அரீனா பௌல் 23இலிருந்து தொடங்கினால் இந்த இழையில் நாம் சொன்ன கீஃப், ரோலி இருவரும் அதில் இருப்பார்கள்.